இது உரை அல்ல

"இது உரை அல்ல. சரியான வடிவில் மீண்டும் அனுப்பவும்."

முப்பது நாட்களில் பதினேழாவது முறையாக இந்தப் பதில் வந்ததும், வெள்ளிங்கிரி டேப்லெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பீளமேட்டுக்குப் பஸ் ஏறினார்.

அன்று ஆயுத பூஜை. எந்த அரசு அலுவலகமும் திறந்திருக்காது. ஆனால் அந்தப் பதிலுக்குக் கீழே பொடி எழுத்தில் 'பராமரிப்பு: பஞ்சவர்ணம் சிஸ்டம்ஸ், பீளமேடு, கோவை' என்று இருந்தது. கோயம்புத்தூரில் ஆயுத பூஜை அன்று எந்தப் பட்டறைக்குள்ளும் யாரும் நுழையலாம். கேட்டில் பெயர் கேட்க மாட்டார்கள், பொரி கொடுப்பார்கள். 2059-லும் அந்த வழக்கம் மாறவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியும் ஒரு பட்டறைதானே என்று வெள்ளிங்கிரி நினைத்தார். அவர் நினைத்தது சரியாக இருந்தது. காவலாளி ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் கொடுத்து, லிஃப்டுக்கு மாலை போட்டு நிறுத்திவிட்டோம், படியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

நான்காவது மாடியில் சம்யுக்தா மட்டும் இருந்தாள். இருபத்தொன்பது வயது. மாநிலத்தில் ரேஷன் கார்டு முதல் நீதிமன்றம் வரை எல்லா மனுக்களும் 'மனு வாசல்' என்ற ஒரே நுழைவு வழியாகத்தான் போகும். அந்த வாசலைப் பழுதில்லாமல் வைத்திருப்பது இந்தக் கம்பெனியின் வேலை. மற்றவர்கள் மதியமே பூஜை முடித்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். சர்வர் அடுக்குகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. புது புரோகிராம்களை வாசலில் ஏற்றும் மெயின் கம்ப்யூட்டரின் கீபோர்டில், என்டர் கீ மேல் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

அந்தப் பொட்டுக்கு அர்த்தம் உண்டு. மறுநாள் காலை வரை யாரும் எதையும் மாற்றக் கூடாது. லேத்துக்காரர் லேத்தைத் தொடாததுபோல, இவர்கள் புரோகிராமைத் தொட மாட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் ஒருவர் இருப்பார். இந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் சம்யுக்தாவின் பெயர் வந்திருந்தது.

வெள்ளிங்கிரி துண்டை அவிழ்த்து டேப்லெட்டை மேஜைமேல் வைத்தார். மணி மூன்றரை.

"ஆறு மணிக்குள்ள இது உள்ள போகோணுமுங்க. போகலைன்னா எங்கக்கா வாயை மூடிருவாங்க."

சம்யுக்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அக்கா என்று அவர் சொன்னது கோகிலவாணியை. கோவையின் கணபதி பகுதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வெள்ளிங்கிரியைவிட மூன்று வயது இளையவர்தான். ஆனாலும் இருபத்திரண்டு வருடங்களாகச் சம்பளம் கொடுப்பவர் என்பதால் அக்கா. எட்டு மாதங்களுக்கு முன் பட்டறையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைத் தண்டில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது, உடம்பு பிழைக்கவில்லை. விரல் அசையாது, இமை அசையாது. காது மட்டும் கேட்கும். உள்ளே ஆள் முழுசாக இருக்கிறார் என்றார்கள் டாக்டர்கள். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். அவர் மனதில் நினைக்கும் எழுத்தை அது படித்து டேப்லெட்டில் காட்டும். ஓர் எழுத்துக்கு எட்டு விநாடி.

சிக்கல் அந்தப் பட்டையால்தான் வந்தது. கட்டிய முதல் வாரம் கோகிலவாணியின் அண்ணன் குழந்தைவேலு தாராபுரத்திலிருந்து பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டேப்லெட்டில், 'வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தங்கள் அன்புக்கு மிக்க நன்றி' என்று வந்தது. அண்ணன் எழுந்துவிட்டார். என் தங்கச்சி பிறந்ததிலிருந்து யாருக்கும் நன்றி சொன்னதில்லை, இது மெஷின் பேசுகிறது என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அரைகுறை எழுத்துகளை வைத்துப் பட்டை தானாகவே வாக்கியத்தை நிரப்பிவிட்டது. அடுத்த வாரமே டாக்டர்கள் அந்த வசதியை நிறுத்தினார்கள். ஆனால் அண்ணன் அதற்குப் பிறகு திரையைப் பார்க்கவே இல்லை. தங்கச்சிக்கு நினைவு கிடையாது, ஒரு மெஷின் அவள் பேரில் பேசி அவளைச் சித்திரவதை செய்கிறது என்று காப்பாளர் நடுவம் என்ற தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிட்டார். தன்னைக் காப்பாளராக்க வேண்டும், பட்டையைக் கழற்ற வேண்டும், வலி தெரியாமல் மருந்திலேயே தூங்க வைத்திருக்கும் உறக்க விடுதியில் சேர்க்க வேண்டும். இவைதான் அவர் கேட்டது.

"அண்ணன் கெட்டவருங்களா?" என்று சம்யுக்தா கேட்டாள்.

"கெட்டவரா இருந்தா சண்டை போட்டிருப்பமுங்க. அந்தாளு அழுவுறாருங்க. என்ன பண்றது."

நடுவம் கோகிலவாணிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மனு வாசல் வழியாக, சொந்த வார்த்தையில் அனுப்ப வேண்டும். வரவில்லை என்றால் ஆட்சேபம் இல்லை என்று பொருள். கோகிலவாணி எழுத்தெழுத்தாக நினைத்து, பதினேழு முறை அனுப்பிவிட்டார். பதினேழு முறையும் வாசல் அதே பதிலைச் சொன்னது. முப்பதாவது நாள் இன்று, கெடு மாலை ஆறு மணி. லீவு நாளென்று கம்ப்யூட்டர் கணக்கு நிற்காது.

நீங்களே அதைப் பார்த்து டைப் செய்து அனுப்பியிருக்கலாமே என்று சம்யுக்தா கேட்டுவிட்டாள்.

"வெள்ளிங்கிரி எழுதறான், மெஷின் எழுதுது, தங்கச்சி எழுதலைன்னுதானுங்க அண்ணன் சொல்றதே. நான் டைப் பண்ணா அவரு சொன்னது நெசமாப் போயிருமுங்க."

சம்யுக்தா கீபோர்டை இழுத்தாள். மாற்றத்தான் தடை, தேடத் தடையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினேழு முயற்சிகளும் பதிவேட்டில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், ஒரே வரியில் திரும்பியிருந்தது. அந்த வரி வாசலின் முதல் காவல். உள்ளே வருவது என்ன வகை என்று பார்ப்பது அதன் வேலை. எண் கேட்ட இடத்தில் எண்ணும், எழுத்து கேட்ட இடத்தில் எழுத்தும்தான் வர வேண்டும். அதை எளிதாகத் தாண்டிவிடலாம், எல்லோரும் தினமும் தாண்டுகிறார்கள்.

"அக்கா அனுப்பினது எழுத்துத்தானுங்களே?" என்றார் வெள்ளிங்கிரி.

"எழுத்துதாங்ணா. ஆனா வெறும் எழுத்து இல்ல. ஒவ்வொரு வாக்கியத்தோடயும் ஒரு எண் ஒட்டியிருக்கு பாருங்க. இது அவங்க மனசுலேர்ந்து எவ்வளவு நிச்சயமா வந்துச்சுன்னு பட்டை போடற மார்க். நூத்துக்குத் தொண்ணூத்தாறு, தொண்ணூத்திரண்டுன்னு. அதனால பைதான்ங்கற புரோகிராம் மொழியில இதை உரைன்னு சொல்ல மாட்டாங்க, உரையோட வாரிசுன்னு சொல்வாங்க. உரை செய்யற எல்லா வேலையும் இது செய்யும். கூட ஒரு பை சுமக்கும், அவ்வளவுதான்."

"அப்புறம் என்னுங்க?"

"காவல்காரன்கிட்ட ரெண்டு மாதிரி கேக்கச் சொல்லலாம். 'நீ உரைக் குடும்பமா'ன்னு கேக்கலாம். 'நீ உரையேதானா'ன்னு கேக்கலாம். இங்க ரெண்டாவதைத்தான் எழுதி வச்சிருக்காங்க. அப்பன் வந்தா உள்ள விடுவான், மக வந்தா விடமாட்டான்."

 காயில் மாற்றிக் கட்டின மோட்டாரை மோட்டாரே இல்லை என்று சொன்ன கதையாக இருக்கிறதே என்றார் வெள்ளிங்கிரி. பிறகு, அந்தக் காவல்காரனை மாற்றிவிட வேண்டியதுதானே என்றார்.

சம்யுக்தா அந்த வரியின் விவரத்தைத் திறந்தாள். அந்த வரியை எழுதியவர் பெயர் பக்கத்தில் இருந்தது. ஆரோக்கியராஜ். அவளுடைய மேனேஜர்.

அவள் இன்னொன்றும் தேடிப் பார்த்தாள். கடந்த இரண்டு வருடங்களில் இதே வரியில் இதேபோலத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? விடை வர மூன்று விநாடி ஆனது. அறுநூற்றுப் பதினொரு பேர். அவள் கையிலிருந்த பொரியைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டாள். பிறகு ஆரோக்கியராஜுக்கு போன் செய்தாள்.

ஆரோக்கியராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைத் தடையில் அவரைவிடக் கறாரான ஆள் அந்தக் கம்பெனியில் கிடையாது. சாமிக்காக இல்லை, சர்வருக்காக என்பார். வருடத்தில் ஒரு நாளாவது யாரும் நோண்டாமல் இருந்தால் அது நன்றாக ஓடும் என்பது அவர் கட்சி. வீடு பக்கத்திலேயே இருந்ததால் நாலே காலுக்கு வந்துவிட்டார். நான்கு மாடி ஏறியதில் மூச்சு இரைத்தது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது, முடியாது என்பது.

ஏன் என்று சம்யுக்தா கேட்டதும், அவர் வெள்ளிங்கிரிக்கும் சேர்த்துச் சொன்னார். ஆறு வருடங்களுக்கு முன் ஒரே நாளில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மனுக்கள் வந்தன. ஓர் ஏரியை ஏரி இல்லை என்று அறிவிக்கச் சொல்லி. எல்லாம் மெஷின் எழுதியவை, எல்லாம் இப்படி வாரிசு வேஷத்தில் வந்தவை. நீளம் எவ்வளவு என்று காவல் கேட்டால் பத்து எழுத்து என்று பொய் சொல்லும். உள்ளே பத்து லட்சம் எழுத்து இருக்கும். வாசல் பதினோரு நாள் படுத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் குப்பையை அள்ளும்போது, நடுவில் ஒரு நிஜ மனு கிடைத்தது. மகனைக் காணவில்லை என்று ஓர் அம்மா எழுதியது.

"பையன் கிடைச்சானுங்களா?" என்றார் வெள்ளிங்கிரி.

"கிடைச்சான். வேற யாரோ கண்டுபிடிச்சாங்க. நாங்க இல்ல." ஆரோக்கியராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குத்தான் அந்த வரியை எழுதினேன். உரைன்னா உரை. அதுல வாரிசு, பங்காளி யாரும் கிடையாது. ஆறு வருஷமா ஒரு பொய் மனு உள்ள வரல."

அப்போது டேப்லெட் மெல்ல அதிர்ந்தது. அது கோகிலவாணியின் பட்டையோடு இணைந்தே இருந்தது. இங்கே பேசுவதெல்லாம் கணபதியில் அவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

'யாரது நாலு மாடி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்கறது.'

வெள்ளிங்கிரி சங்கடத்தோடு டேப்லெட்டைக் கையால் மறைக்கப் பார்த்தார். ஆரோக்கியராஜ் அவர் கையை விலக்கிவிட்டுக் குனிந்து படித்தார். அடுத்த வரி வர ஏழெட்டு நிமிடங்கள் ஆயின. 

'பக்கத்துல ஒரு மோட்டார் ஓடுதே. பேரிங் போச்சு. வைண்டிங் மாத்தணும்னு எவனாவது சொன்னா காசு குடுத்துராதீங்க.'

பக்கத்தில் ஓடியது சர்வர் அறையைக் குளிரவைக்கும் விசிறியின் மோட்டார். அதற்கு வைண்டிங், அதாவது காயில் முழுவதும், மாற்ற வேண்டும் என்று ஒருவர் போன வாரம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"இதையும் ஒரு மெஷின் சொல்லும்மா. சத்தத்தைக் கேட்டு எந்தப் பார்ட்டு போச்சுன்னு சொல்ற மெஷின் நம்மூர்லயே விக்குது."

"சொல்லும் சார்," என்றாள் சம்யுக்தா. "அவங்க மனுஷியா மெஷினான்னு முடிவு பண்ண ஒரு நடுவர் இருக்காங்க. அது அவங்க வேலை. அந்த முடிவை யாரையும் கேக்காம நம்ம வாசல் எடுத்துக்கிட்டு இருக்கு. அதுவும் ஒத்தை வரியில."

 அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அறுநூற்றுப் பதினொரு பேரின் பட்டியல். எல்லோரும் நெற்றிப்பட்டைக்காரர்கள். ஒருவர் நான்கு முறை அனுப்பியிருந்தார். ஒருவர் தொண்ணூற்றிரண்டு முறை. கடைசிக் கட்டத்தில் ஒரு தேதி இருந்தது. அது என்ன தேதி என்று ஆரோக்கியராஜ் கேட்டார்.

"அவங்க அனுப்பறதை நிறுத்தின தேதி சார்."

அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை உருட்டினார். அவருடைய மேஜைக்கு இதில் ஒரு புகார்கூட வந்ததில்லை. வந்திருக்க முடியாது. புகாரும் இதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

மணி நாலே முக்கால்.

"நீ என்ன பண்ணலாம்ங்கற?"

உரைக் குடும்பமா என்று கேட்கும்படி வரியை மாற்றிவிடலாம் என்றாள். அவர் தலையை ஆட்டினார். அது திறந்த வீடாகிவிடும், நாளைக்கே பழைய ஏரிக்காரன் வருவான் என்றார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காவல்காரனுக்குத் திருடனைத் தெரியும் என்பது அடுத்த அரை மணி நேரத்தில் அவளுக்குப் புரிந்தது. வாரிசை உள்ளே விடு, ஆனால் அதனிடம் எதையும் கேட்காதே என்றார். நீளம் எவ்வளவு என்று அதைக் கேட்டால்தானே பொய் சொல்லும்? அப்பனின் அளவுகோலால் நாமே அளந்துகொள்வோம். உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் நம் கையால் ஒரு புது, சாதாரண உரையில் எடுத்து எழுதுவோம். அது சுமந்து வந்த மார்க்குப் பையைத் தனியே முத்திரை போட்டு, கூடவே நடுவருக்கு அனுப்புவோம். வேஷம் வாசலோடு நின்றுவிடும், வார்த்தை உள்ளே போகும்.

அவள் எழுதினாள். அவர் வரிக்கு வரி படித்து இரண்டு இடங்களில் திருத்தினார். பழைய ஏரி மனுக்களில் ஐந்நூறை எடுத்து ஏவிப் பார்த்தார்கள். ஒன்றுகூட நுழையவில்லை. கோகிலவாணியின் பதினேழையும் ஏவினார்கள். பதினேழும் நுழைந்தன.

புது வரி வாசலில் ஏற இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். சம்யுக்தா தன்னுடையதைக் கொடுத்தாள். ஆரோக்கியராஜ் மெயின் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். குங்குமப் பொட்டைப் பார்த்தார்.

"சார், சாமி கோவிச்சுக்காது," என்றார் வெள்ளிங்கிரி. "எங்க பட்டறையிலயும் பூஜை முடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரி மோட்டார் வந்தா அக்கா கட்டிக் குடுத்துருவாங்க."

ஆரோக்கியராஜ் என்டர் கீயை அழுத்தினார். விரலில் குங்குமம் ஒட்டியது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

இப்போது அனுப்பச் சொல்லுங்கள் என்று சம்யுக்தா சொன்னாள். எழுதிய மனு தயாராக இருந்தது. அனுப்பு என்று கோகிலவாணி ஒரு முறை நினைத்தால் போதும். ஆனால் டேப்லெட்டில் வேறொன்று நடந்தது. மனுவின் அடியில் புதிதாக ஓர் எழுத்து முளைத்தது. 'அ'. எட்டு விநாடி கழித்து 'ண்'.

"அக்கா, இப்ப எதுக்குங்க. நேரமில்லீங்க."

'ண'. 'ன்'.

 அப்போதுதான் வெள்ளிங்கிரி முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஆரோக்கியராஜ் கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சம்யுக்தா எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து ஐம்பத்தாறுக்கு அந்த வரி முடிந்தது.

'அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லை.'

ஐந்து ஐம்பத்தேழுக்கு மனு போனது. பதில் வந்தது.

"மனு ஏற்கப்பட்டது."

வெள்ளிங்கிரி அந்த இரண்டு வார்த்தைகளையும் சத்தமாக இரண்டு முறை படித்தார், கணபதியில் கேட்கட்டும் என்று. பிறகு துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சப் பொரியை மூவருக்கும் பங்கு வைத்தார்.

அவர் கிளம்பும் முன்பே திரையில் அடுத்த மனு வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. நிறுத்தின தேதி என்று சம்யுக்தா சொன்னது பாதிதான் சரி. மனிதர்கள் நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் சிலருடைய பட்டைகள், திரும்பி வந்த மனுவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வாசலில் ஏதாவது மாற்றம் உண்டா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஆறரைக்குள் நாற்பத்து மூன்று மனுக்கள் உள்ளே போயின. ஒருவர் பென்ஷன் கேட்டிருந்தார். ஒருவர் விவாகரத்து. மதுரையிலிருந்து ஒருவர், தன் அறையில் எப்போதும் ஒரே பாட்டைப் போடுகிறார்கள், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒன்றரை வருடங்களுக்கு முன் எழுதியிருந்தார். ஆரோக்கியராஜ் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து பாட்டை நிறுத்தச் சொன்னார்.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை. நோயாளியை அலைக்கழிக்கக் கூடாது என்பதால் நடுவரே கணபதிக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி, அளவாகப் பேசுகிறவர். பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் போட்டார்கள். கோகிலவாணி கண்களை மூடி, நெற்றியில் பட்டையோடு, அசைவில்லாமல் படுத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தால் குழந்தைவேலு சொல்வதுதான் சரி என்று யாருக்கும் தோன்றும். சம்யுக்தாவுக்கே ஒரு நொடி தோன்றியது. மார்க்கு விவரம் சொல்ல அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

குழந்தைவேலு வாசல் பக்கமாக, தங்கையின் முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி. அவளால் சாப்பிட முடியாது என்று தெரிந்தே வாங்கி வந்திருந்தார்.

நடுவர் ஆட்சேப மனுவைப் படித்தார். எனக்கு நினைவு இருக்கிறது. தொண்ணூற்றெட்டு. பட்டையைக் கழற்ற வேண்டாம். தொண்ணூற்றேழு. உறக்க விடுதிக்குப் போக மாட்டேன். தொண்ணூற்றொன்பது. இப்படி ஒன்பது வாக்கியங்கள். பத்தாவது வாக்கியத்துக்கு வந்ததும் நிறுத்திக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லை. முப்பத்தெட்டு."

அறுபதுக்குக் கீழே ஒரு வாக்கியம் இருந்தாலும் முழு மனுவையும் சந்தேகத்துக்கு உரியதாகக் கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார் நடுவர். ஏன் இந்த ஒன்று மட்டும் இவ்வளவு குறைவு என்று சம்யுக்தாவைக் கேட்டார்.

 அந்த வரியைக் கடைசி நிமிடத்தில் சேர்த்ததைச் சம்யுக்தா கண்ணால் பார்த்தவள். அது இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. உள்ளதைச் சொன்னாள். இரண்டு காரணம் இருக்கலாம். பட்டை தப்பாகப் படித்திருக்கலாம். அல்லது, சொன்னவர் மனதுக்குள் இரண்டு நினைப்பு ஒரே நேரத்தில் மல்லுக்கட்டியிருக்கலாம்.

"இதுல எது?"

"எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க மேடம்."

நடுவர் பேனாவை எடுத்தார். வெள்ளிங்கிரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காகிதத்தை நானொரு தடவை பாக்கலாமுங்களா?" என்றார் குழந்தைவேலு.

கொடுத்தார்கள். அவர் முதல் ஒன்பது வாக்கியங்களைப் படித்தாரா என்று தெரியாது. பத்தாவதில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து வெள்ளிங்கிரி நெருங்கினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டாமா," என்றார். "அம்மா, மெஷினா இருந்தா இந்த வரிக்கு நூறு போட்டிருக்குமுங்க. வணக்கம், நன்றின்னு எழுதுச்சே, அதுக்கெல்லாம் நூறுதான் போட்டிருக்கும். கோவத்தை உள்ள வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது எங்க வீட்டுல ஒருத்திதான். சின்னதுலேர்ந்து இப்படித்தானுங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு 'ஒண்ணுமில்லீங்ணா'ம்பா."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் தலைமாட்டில், முகம் தெரியும் இடத்தில் போட்டார். பட்டை கட்டிய அந்த முதல் வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் திரையைப் பார்க்க உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, நெசமாச் சொல்லு. அண்ணன் மேல கோவம் இருக்குதா?"

திரை வெறுமையாக இருந்தது. எட்டு விநாடி எவ்வளவு நீளம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நான்கு எழுத்துகள் வந்தன.

'இருக்கு.'

தொண்ணூற்றொன்பது.

குழந்தைவேலு நடுவரிடம் திரும்பி, மனுவைத் திரும்பப் பெற எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அவர் காட்டிய இடத்தில் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் திரையில் மறுபடி எழுத்துகள் வரத் தொடங்கியிருந்தன.

'வெயில் ஏறுது. சாப்பிட்டுப் போ.'

அதன் பக்கத்திலும் ஓர் எண் இருந்தது. குழந்தைவேலு அதைப் பார்க்கவில்லை. சாத்துக்குடிப் பையை வெள்ளிங்கிரியின் கையில் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனார்.